கண்ணாடியில் மிஞ்சிய ஜடை

அந்த அம்மா முதல் தடவை எங்கள் மியூசியத்துக்கு வந்தபோது, படத்தை ஒரு பழைய துண்டில் சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக் பை போட்டு, பையின் வாயை வாழை நாரால் இறுகக் கட்டியிருந்தார். ஸ்ரீரங்கத்தில் பூக்கடை வைத்திருப்பவர். அந்த முடிச்சை அவிழ்க்க எனக்கு வரவில்லை. "இப்படிக் கொடுங்க சார்" என்று வாங்கி ஒரே இழுப்பில் அவிழ்த்தார்.

உள்ளே ஒரு கறுப்பு வெள்ளை ஸ்டுடியோ படம். போஸ்ட் கார்டைவிடக் கொஞ்சம் பெரிது. ஏழு வயதுப் பெண் குழந்தை, பட்டுப் பாவாடை, தாழம்பூ வைத்துத் தைத்த ஜடை. பூ ஜடை தைத்த குழந்தையை ஆளுயரக் கண்ணாடியின் முன்னால் நிறுத்தி, முகம் நம்மைப் பார்க்க, முதுகில் தொங்கும் ஜடை கண்ணாடியில் தெரிய எடுப்பார்கள். இவ்வளவு நேரம் உட்கார்ந்து தைத்த ஜடை படத்தில் விழாமல் போய்விடக் கூடாதே. அப்படிப்பட்ட படங்களை எங்கள் மியூசியத்தில் சேகரித்துக்கொண்டிருந்தோம். யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"என் பொண்ணு," என்றார். "இதை எடுத்த அடுத்த வருஷமே காய்ச்சல்ல போயிட்டா. வேற படம் கிடையாது. நெகட்டிவ் இல்ல. அந்த ஸ்டுடியோவே இப்ப இல்ல."

அவர் வீடு கொள்ளிடக் கரைக்குப் பக்கத்தில். ஒரு வருஷம் தண்ணீர் ஏறியபோது, மைக் கட்டிய வண்டியில் வந்து எல்லோரையும் கிளம்பச் சொன்னார்களாம். வேறு எதையும் எடுக்காமல் இந்தப் படத்தை மட்டும் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய் இரண்டு நாள் இருந்திருக்கிறார். போதாததற்கு ராமபாணப் பூச்சி வேறு ஓரத்தைக் கடித்துவிட்டது. இனி வீட்டில் வைக்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்.

"இங்க தண்ணி வராதுல்ல சார்?"

"எங்க லேப் மாடியில இருக்கும்மா. வராது."

இதை நான் சொன்னேன். அவர் கேட்ட அடுத்த நொடியே, யோசிக்காமல் சொன்னேன்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டார். யாரும் செல்போனில் படம் எடுக்கக் கூடாது. "ஒரு தரம் எடுத்தா ஊரெல்லாம் சுத்தும். வேண்டாம் சார். அவ செத்தவ." நான் ஒப்புக்கொண்டேன். சேதத்தைப் பதிவு செய்வதற்காக ஆபீஸ் கேமராவில் மட்டும் எடுத்து, ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு, கேமராவில் அழித்துவிட்டேன். கம்ப்யூட்டர் கீழ்த்தளத்தில் இருந்தது. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பூ வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் பஸ் பிடித்து வருவார். என் மேசைக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து படத்தைப் பார்ப்பார். தொடமாட்டார். கிளம்பும்போது மேசையில் ஒரு முழம் மல்லிகை வைப்பார். "உங்க பொண்ணுக்கு." என் பெண்ணுக்குப் பூ வைக்கிற பழக்கமே கிடையாது என்று நான் அவரிடம் சொன்னதில்லை.

என் பெண் பிளஸ் டூ படிக்கிறாள். அவள் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நிற்கிற ஆள் நான். அவள் ஃபோன் இரண்டு ரிங் போய் எடுக்கப்படவில்லை என்றால் என் மூளை உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். "உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, அவளுக்கும் ஒண்ணும் ஆகாது, எனக்குத்தான் பிரஷர் ஏறும்" என்பாள் என் மனைவி. இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது.

பழம்பொருட்களைச் செப்பனிடும் எங்கள் லேபில் ஆயுத பூஜைக்கு ஒரு வழக்கம். பிரஷ், ஸ்பாட்டுலா, பூதக்கண்ணாடி இவற்றோடு, அப்போது கையில் இருக்கும் வேலையில் ஒன்றையும் பூஜையில் வைப்போம். ஆரம்பித்தது நல்லபடி முடியட்டும் என்று. பூஜை நடப்பது கீழே பெரிய ஹாலில். தரையில் கோலம் போட்டு, மேலே மணைப்பலகை வைத்து, அதில் எல்லாவற்றையும் அடுக்குவோம். அந்த வருஷம் நான் மாடியிலிருந்து எடுத்து வந்தது அந்தக் குழந்தையின் படம். வெள்ளைத் தாளில் நான்கு பக்கமும் மடியும்படி செய்த உறைக்குள் இருந்தது.

என் பெண்ணும் வந்திருந்தாள். சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் அவளிடம் கொடுத்து, "எல்லாத்துக்கும் வெச்சிடு" என்றேன். கத்தரிக்கோலுக்கு வைத்தாள், மைக்ராஸ்கோப்புக்கு வைத்தாள், வாட்ச்மேனின் டார்ச் லைட்டுக்கும் வைத்தாள். உறைக்கு மேல் கையைக் கொண்டுபோனவள், "அப்பா, இதுக்கு?" என்று நிமிர்ந்து பார்த்தாள்.

"வை. குழந்தைதானே."

நான் வேதியியல் படித்தவன். கடைக் குங்குமத்தில் இருப்பது சாயம், அது தண்ணீரில் ஓடும் என்று பயிற்சிக்கு வருகிறவர்களுக்குப் பாடம் எடுக்கிறவன். தாள் உறைதானே, நாளைக்கு வேறு மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவள் மூன்று பொட்டு வைத்தாள், வரிசையாக, அழகாக.

பூஜை முடிந்து அவள் லால்குடியில் தோழி வீட்டுக்குப் போனாள். சாயங்காலம் மழை பிடித்தது. கிளம்பும்போது எனக்கு மனசு கேட்கவில்லை. உறையை மட்டும் மாடிக்கு எடுத்துப் போய்விடலாம் என்று குனிந்தேன். ஆபீஸ் உதவியாளர் அக்கா விளக்கைக் குளிரவைத்துக்கொண்டிருந்தார்.

"பூஜையில வெச்சதை இன்னிக்கே எடுப்பாங்களா சார்? காலையில மறுபூஜை பண்ணிட்டு எடுத்துக்கலாம்."

அது சரிதான் என்று பட்டது. சின்ன வயதிலிருந்து அன்றைக்குப் புத்தகத்தைத் தொட்டதில்லை. நிமிர்ந்து, குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

விஜயதசமி காலை ஆறு மணிக்கு வாட்ச்மேன் கூப்பிட்டார். பின்னால் ஓடும் வாய்க்கால் உடைத்துக்கொண்டு ஹாலுக்குள் தண்ணீர். நான் சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போதே டிவியில் லால்குடிப் பக்கம் ரோட்டில் தண்ணீர் ஓடுவதைக் காட்டினார்கள். பெண்ணுக்கு ஃபோன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். தோழியின் வீட்டு எண்ணுக்குப் போட்டேன். "காலையிலேயே பஸ் ஏத்தி விட்டுட்டோமே அங்கிள்" என்றது ஒரு குரல்.

நான் மியூசியத்துக்குப் போகவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். லால்குடியிலிருந்து வரும் ஒவ்வொரு பஸ்ஸின் வாசலிலும் போய் நின்றேன். எட்டரை மணி இருக்கும், உதவியாளர் அக்கா கூப்பிட்டார்.

"சார், தண்ணி முழங்கால் வரைக்கும் இருக்கு. பலகையே மிதந்துக்கிட்டு கெடந்துச்சு. நான் எல்லாத்தையும் மாடிக்குத் தூக்கிட்டேன். என்ன பண்ணட்டும்?"

"பேப்பர் விரிச்சு காத்தாட காய வைங்கக்கா. நான் வந்துடறேன்."

"அந்தப் பாப்பா கவரையுமா?"

அந்த நிமிஷம் ஒரு பஸ் உள்ளே திரும்பியது. போர்டில் லால்குடி. நான் அதைப் பார்த்து ஓடிக்கொண்டே சொன்னேன்: "எல்லாந்தாங்க்கா!"

அவள் அதில் இல்லை.

ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். பழைய புகைப்படத்தில் உருவம் தாளில் இருப்பதில்லை. தாளின் மேல் பூசிய மெல்லிய ஜெலட்டின் படலத்தில் இருக்கிறது. நனைந்தால் அது ஊறி ஜவ்வாகும். ஈரமாக இருக்கும்வரை பயமில்லை, பக்குவமாகப் பிரித்துவிடலாம். எதன்மேலாவது ஒட்டியபடி காய்ந்துவிட்டால் கோந்து மாதிரி பிடித்துக்கொள்ளும். அதனால் நனைந்த படத்தை உறையோடு காய வைக்கவே கூடாது. ஒரு தட்டில் சுத்தமான குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, அதில் போட்டு மூடி வைக்க வேண்டும். அவ்வளவுதான். "பாப்பா கவரைத் தட்டுல தண்ணி ஊத்திப் போடுங்கக்கா." இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒரு மூச்சுக்குள் முடிந்துவிடுகிறது.

பதினோரு மணிக்கு என் பெண் ஒரு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். கையில் பூஜைப் பொரி, வாய் நிறைய கடலை. ரோட்டில் மரம் விழுந்து பஸ் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

"ஃபோன் என்னாச்சு?" என்று கத்தினேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சார்ஜ் இல்லப்பா. ஐயோ, அதுக்கு ஏன் அழறே? எல்லாரும் பாக்கறாங்க. இந்தா, பொரி சாப்பிடு."

அவளை வீட்டில் விட்டுவிட்டு நான் மியூசியத்துக்குப் போனபோது மத்தியானம் ஆகிவிட்டது. அக்கா மாடி வராந்தாவில் செய்தித்தாள் விரித்து, ஒவ்வொன்றுக்கும் இடம் விட்டு, பறக்காமல் இருக்க மூலைக்கு ஒரு கூழாங்கல் வைத்து, எல்லாவற்றையும் வரிசையாகக் காய வைத்திருந்தார். இடுப்பு வரைக்கும் சேறு. அவ்வளவு பொறுப்பாக வேறு யாரும் செய்திருக்க முடியாது. உறை நல்ல காற்றில் முறுக்கிக்கொண்டு காய்ந்திருந்தது. மூன்று பொட்டும் கரைந்து ஒன்றாகி, உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாகப் படர்ந்திருந்தது. குழந்தையின் முகம் இருக்கும் இடத்தில்.

"நல்லாக் காஞ்சிடுச்சு சார்," என்றார் சந்தோஷமாக.

அடுத்த வாரம் முழுக்க வேறு வேலைகள். நனைந்த பதிவேடுகளில் பூஞ்சை பிடிப்பதற்குள் உறைய வைக்க வேண்டும். அடுத்த தெருவில் ஐஸ்கிரீம் ஏஜென்சி நடத்துகிறவர் தன் பெரிய ஃப்ரீசரில் பாதியைக் கொடுத்தார். வெனிலா கப்புகளுக்குப் பக்கத்தில் நூறு வருஷத்துக் கிராமக் கணக்குகளைப் பாலிதீன் போட்டு அடுக்கினோம். "ஆர்டர் மாறிப் போயிடப் போவுது சார், கல்யாண வீட்டுல பிரிச்சா புக்கு இருக்கும்" என்றார் அவர். அன்றைக்குச் சிரித்தேன். கம்ப்யூட்டரைச் சர்வீஸுக்கு எடுத்துப் போன பையன் இரண்டு நாள் கழித்து அதைத் திருப்பிக் கொண்டுவந்து கதவோரம் வைத்துவிட்டு, உள்ளே எதுவும் மிஞ்சவில்லை என்று தலையை மட்டும் ஆட்டினான்.

மூன்றாம் நாளே அந்த அம்மா வந்தார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து வந்தார். "மாடியிலதானே இருந்துச்சு சார்?"

நான் சொன்னேன். பூஜைக்குக் கீழே கொண்டு வந்ததை, மறுநாள்தான் எடுக்கலாம் என்று விட்டதை. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். சாமி காரியம் என்பதால் என்னை அவரால் திட்டவும் முடியவில்லை என்று நினைக்கிறேன்.

"சரி பண்ணிடலாமா?"

"பாக்கறேம்மா. அவசரப்படக் கூடாது."

அதற்குப் பிறகு தினமும் காலையில், வியாபாரம் தணிந்ததும் ஃபோன் வரும். "பாப்பா எப்படி இருக்கா சார்?" என்பார், ஐ.சி.யூ. வாசலில் நின்று கேட்பதுபோல. "அப்படியேதாம்மா இருக்கா," என்பேன். நானும் 'அவள்' என்றே சொல்லப் பழகிவிட்டேன்.

சிக்கல் இதுதான். ஒட்டியதைப் பிரிக்க வேண்டுமானால் மறுபடி நனைக்க வேண்டும். நனைத்தால் குங்குமச் சாயம் மறுபடி கிளம்பி முகத்துக்குள் இறங்கும். நனைக்காவிட்டால் அது படமே இல்லை, ஒரு கெட்டியான தாள். தண்ணீரில் எரிசாராயம் கலந்தால் ஜெலட்டின் ஊறுவது குறையும், ஆனால் அந்தச் சாயம் சாராயத்தில் இன்னும் வேகமாக ஓடியது. ஓரங்களில் சின்னச் சின்னதாகச் சோதித்துப் பார்த்தேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் சென்னையில் இருக்கிறார், அவரிடம் கேட்டேன். "அப்படியே வெச்சுட்டா என்னப்பா?" என்றார். அப்படியே வைத்துவிட்டு அந்த அம்மாவிடம் என்ன சொல்வது? உள்ளே இருக்கிறாள், ஆனால் இனிமேல் பார்க்க முடியாது என்றா?

பிரிப்பது என்று முடிவு செய்தேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை, கதவைச் சாத்திக்கொண்டு, குளிர்ந்த தண்ணீரில் உறையோடு இறக்கினேன். படத்தில் கண்ணாடி இருக்கும் பக்கம் சாயம் இல்லை. அந்தப் பக்கம் முதலில் விட்டுக்கொடுத்தது. தாள் மெல்ல விலக விலக, கண்ணாடியின் சட்டம், அதற்குள் குழந்தையின் பின்னந்தலை, ராக்கொடி, தாழம்பூ மடல் வைத்த ஜடை, குஞ்சலம். ஒவ்வொரு பூவும் தெளிவாக. பிழைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

பிறகு தண்ணீரில் ஒரு சிவப்பு நூல் கிளம்பியது. தண்ணீரை மாற்றினேன். மறுபடி கிளம்பியது. மறுபடி மாற்றினேன். அதற்குள் முகத்துப் பக்கம் உறையின் தாள் தூக்கிக்கொண்டுவிட்டது. நான் இழுக்கவில்லை, அதுவாகவே. அதன் அடியில் படலமும் சேர்ந்து வந்தது. படத்தில் முகம் இருந்த இடத்தில் வெறும் தாள் தெரிந்தது. உறையின் உட்புறத்தில் ஏதோ வழவழப்பாக, சிவப்பாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் கரைந்தது.

அன்றைக்கும் அடுத்த நாட்களிலும் அவர் ஃபோன் வந்தபோது நான் எடுக்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை நேரிலேயே வந்துவிட்டார். வழக்கமான ஸ்டூலில் உட்கார்ந்தார். படத்தையும் உறையையும் அவர் முன்னால் வைத்தேன்.

வெகுநேரம் பார்த்தார். ஜடையை விரலால் தொடாமல், மேலாகவே கீழ்வரை கோடு இழுத்தார். "இது நான் தெச்சது. தாழம்பூ நடுவுல மல்லி வெச்சு, ஓரத்துக்கு கனகாம்பரம். ரெண்டு மணி நேரம் ஆச்சு. எல்லாப் பூவும் இருக்கு." பிறகு இடது பக்கத்துக்கு வந்தார். "முகம் எங்க சார்?"

"போயிடுச்சும்மா."

"இந்தச் செகப்பு?"

"குங்குமம். கவர் மேல வெச்சது."

"யாரு வெச்சா?"

"நான்தாம்மா."

அவரிடம் நான் சொன்ன ஒரே பொய் அது. அவர் என் கையைப் பார்த்தார். பூ கட்டுகிறவர், விரல் அகலம் தெரியாதவர் இல்லை. காய்ந்த உறையின் மேல் மூன்று பொட்டும் முதலில் இருந்த இடம் இன்னும் லேசாகத் தெரிந்தது. மெல்லிய விரல் வைத்த பொட்டு.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சார், ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க," என்றார். "எனக்கு அவ முகம் மறந்து போயி பல வருஷம் ஆச்சு. இதைப் பாத்தாதான் வரும். பாக்காட்டி வராது. அதனாலதான் இதை எடுத்துக்கிட்டு ஓடினேன். பெத்தவளுக்கு மறக்குமான்னு கேப்பாங்கன்னு யார்கிட்டயும் சொன்னதில்ல." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "நீங்க ஆறு மாசமா தெனமும் லென்ஸ் வெச்சுப் பாத்தீங்களே. சொல்லுங்க. எப்படி இருந்தா?"

பார்த்திருந்தேன்தான். ஆனால் நான் பார்த்தது முகத்தை அல்ல, கீறல்களை. அலமாரியைத் திறந்து, படம் வந்த அன்றைக்குக் கையால் எழுதிய நிலைக் குறிப்பை எடுத்தேன். ஒன்றரைப் பக்கம். மாடியில் இருந்ததால் நனையவில்லை.

"இது... சேதத்தைப் பத்தி எழுதினதும்மா."

"படிங்க."

படித்தேன். "இடது புருவ நுனியிலிருந்து காதை நோக்கி மெல்லிய கீறல். மேலுதட்டுக்கு மேலே வலப்புறம் ஊசிமுனை அளவில் கரும்புள்ளி. பூச்சியின் எச்சமாக இருக்கலாம், அகற்றலாம்."

"இருங்க, இருங்க," என்றார். அவர் கை தானாகத் தன் உதட்டுக்கு மேலே போனது. "அது மச்சம் சார். அவளுக்கு அங்க மச்சம் இருந்துச்சு. ஆமா."

அகற்றலாம் என்று எழுதிய வார்த்தையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு தொடர்ந்தேன். "தாடையின் ஓரமாக வெளிறிய கோடு, அச்சிடுகையில் நேர்ந்த குறை."

"பவுடரு. மூஞ்சிக்குப் போட விட்டா, கழுத்துக்கிட்ட கொண்டு போனா கூசுதுன்னு ஓடிட்டா. அதோட நிறுத்திட்டேன்." சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் காகிதத்தைப் பார்த்தேன்.

"வாய் சற்றுத் திறந்துள்ளது. மேல்வரிசையில் பல் தெளிவாகப் பதியவில்லை."

"பல்லு இருந்தாத்தானே பதியும்? ரெண்டும் விழுந்து போச்சு. ஸ்டுடியோக்காரர் வாயை மூடு பாப்பான்னாரு. மூடவே இல்ல. பேசிக்கிட்டே இருந்தா."

"என்ன பேசினா?" என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன்.

யோசித்தார். நெடுநேரம் யோசித்தார். "அது வரல சார்," என்றார். அப்போதுதான் அழுதார்.

கிளம்பும்போது படத்தை எடுத்துக்கொள்ளவில்லை. மியூசியத்தில் பூ ஜடைப் படங்கள்தானே சேர்க்கிறீர்கள், ஜடை இருக்கிறதே, இருக்கட்டும் என்றார். அந்தக் காகிதத்தைக் கேட்டார். அது பதிவு, தர முடியாது. அப்போதே உட்கார்ந்து வேறு தாளில் நிறுத்தி நிதானமாக நகல் எழுதிக் கொடுத்தேன். 'கரும்புள்ளி' வந்த இடத்தில் மச்சம் என்று எழுதினேன். பதிவேட்டிலும் அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டேன். அவர் தாளை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். அன்றைக்கு மேசையில் பூ வைக்கவில்லை. மறந்திருக்கலாம்.

அவர் படியிறங்கிப் போன பிறகு மேசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். என் பெண்ணின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். காலையில்தான் பார்த்திருக்கிறேன். நெற்றி வந்தது, கண்ணாடி ஃப்ரேம் வந்தது. நான்கு வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்து தாடையில் மூன்று தையல் போட்டோம், ஆஸ்பத்திரியில் நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தழும்பு எந்தப் பக்கம்? இடதில் வைத்துப் பார்த்தேன். வலதில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் சரியாக இருந்தன.

ஃபோன் போட்டேன். ஐந்தாவது ரிங்கில் எடுத்தாள்.

"அப்பா, டியூஷன்ல இருக்கேன். என்ன?"

"உன் தாடையில தையல் போட்ட தழும்பு எந்தப் பக்கம்மா?"

"என்னது? இதைக் கேக்கவா கூப்பிட்டே?"

"சும்மா. சொல்லேன்."

"வலது பக்கம். தினமும் பாக்கறே, தெரியாதா?" பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்பா, அந்தப் பாப்பா போட்டோ என்னாச்சு? சரியாயிடுச்சா?"

மேசையில் அது அப்படியே இருந்தது. சிவப்பு அவ்வளவு வரிசையாக வைத்த பொட்டுகளிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

"ஆயிடுச்சும்மா," என்றேன். "ஜடை நல்லா வந்திருக்கு."